வாளிக்குள் இரண்டு கைகள்

ஜூலை 6, சனி

இந்த நோட்டை மியூசியத்தில் கொடுத்தார்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அச்சடித்திருக்கிறது: 'இன்று குடும்பமாக என்ன பார்த்தோம்? என்ன உணர்ந்தோம்?'

பார்த்தது: ஒரு சாக்கு. உணர்ந்தது: பசி.

சாக்கு என்றால் நிஜமாகவே சாக்கு. வெள்ளைச் சுவரில் தொங்கவிட்டு, மேலே விளக்குப் போட்டு, 'தொடாதீர்கள்' என்று எழுதி, காவலுக்கு ஓர் ஆளையும் உட்காரவைத்திருக்கிறார்கள். என் கொட்டகையில் தவிட்டுச் சாக்கு முந்நூறு கிடக்கிறது. காவலுக்கு நாய்கூடக் கிடையாது.

செங்கரைப்பாளையம் நூற்பாலை மூடிப் பதினோரு வருடம் ஆகிறது. பம்பாய்க்காரர் ஒருவர் வாங்கி, மிஷின்களை எடைக்குப் போட்டுவிட்டு, ஓவியமும் சிலையும் வைக்கிற மியூசியம் ஆக்கியிருக்கிறார். பார்க்க ஆள் வரவில்லை. அதனால் பள்ளிக்கூடத்தைப் பிடித்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், கூடவே வீட்டிலிருந்து ஒருத்தர், ஆகஸ்ட் கடைசி வரை சனிக்கிழமைதோறும் பத்து மணிக்கு ஆஜர் ஆக வேண்டும். வராவிட்டால் பிள்ளைக்கு மார்க் கிடையாது.

நான் கறவை மாட்டு வியாபாரி. செவ்வாய்க்கிழமை சந்தையில் மாடு பிடிக்கிறேன், சனிக்கிழமை பாலக்காட்டுக்கு வண்டி ஏற்றுகிறேன். அடுத்தவன் மாட்டை இரவெல்லாம் நடையாய் ஓட்டிக் கூலி வாங்கியவன் இன்று இரண்டு லாரி வைத்திருக்கிறேன் என்றால், அது சாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றதால் வந்ததில்லை.

மரகதத்தைப் போகச் சொன்னேன். "பாரத்துல உங்க பேரைத்தான் எழுதியிருக்கறா. என்னையென்ன கேக்கறீங்க" என்றாள் என் மனைவி. மகள் தாரணியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எழுதிட்டேன்" என்றாள்.

இந்த வாரத்தில் அவள் என்னிடம் பேசியது அது ஒன்றுதான். வயது வந்தால் பெண் பிள்ளைகளுக்கு அப்பாவிடம் வாய் குறைந்துவிடும் என்கிறார்கள். மே மாதத்திலிருந்து குறைந்திருக்கிறது.

ஜூலை 9, செவ்வாய்

சந்தை. மழை. ஐந்து மாடு பிடித்தேன். ஒன்றுக்குக் காம்பில் கட்டி. தரகன் கிட்டான் பார்க்காமல் விட்டிருந்தால் என் தலையில் கட்டியிருப்பார்கள்.

ஜூலை 13, சனி

இன்றைக்குத் தலைப்பு 'கைகள்'. ஒவ்வொரு வீட்டிலும் கை என்ன வேலை செய்கிறதோ அதை அச்செடுத்து, கெட்டியாக வார்த்து, கண்காட்சி வைக்கப் போகிறார்களாம். இதையெல்லாம் நடத்துகிறவர் இவாஞ்சலின் என்று ஒரு மேடம். நாகர்கோவில் பக்கம். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுவார். நாம் பேசும்போது சிரிக்க மாட்டார், பேசி முடித்த பிறகு சிரிப்பார்.

ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஒருவர் சவரக் கத்தி பிடிப்பதைக் காட்டினார். ஓர் அம்மாள் முறுக்கு சுற்றினார். பாப்பாத்தி என்கிறவர் இதே மில்லில் வேலை பார்த்தவராம். அறுந்த நூலைக் கண் மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட்டுக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். பாப்பாத்தியின் மகள் நிவேதா தாரணியின் வகுப்பு. போன வருடம் வரை இரண்டும் ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ். இன்று இவள் இந்தக் கோடி, அவள் அந்தக் கோடி.

பாப்பாத்தி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மே மாதம் எனக்கு ஒரு மாடு விற்றவர். விற்றவர்கள் வாங்கியவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

என் முறை வந்தது. "என் கை சும்மாதான் இருக்குதுங்க. வாயிதான் வேலை செய்யுது" என்றேன்.

"எங்கப்பா துண்டுக்குள்ள பேசுவாரு" என்றாள் தாரணி.

மேடத்துக்குக் கண் விரிந்துவிட்டது. "அதென்ன சார் துண்டுக்குள்ள?"

சந்தையில் விலையை வாயால் சொல்கிற வழக்கம் இல்லை. தோளில் கிடக்கும் துண்டை இரண்டு கைக்கும் மேலே போட்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேச்சு. ஒரு விரல், இரண்டு விரல், பாதி விரல், ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. தரகன் முதலில் விற்கிறவர் கையைப் பிடித்து அவர் எதிர்பார்ப்பதைத் தெரிந்துகொள்வான். பிறகு வாங்குகிற என் கையைப் பிடித்து அதைச் சொல்வான். நான் என் விலையை விரலில் சொல்ல, அதை அங்கே கொண்டுபோவான். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

"அத வெளிய காட்டறது வழக்கமில்லீங்க" என்றேன்.

"வழக்கமில்லாததைக் காட்டத்தான சார் மியூசியம்" என்றார். சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இப்படியெல்லாம் பேச வரும்.

ஜூலை 16, செவ்வாய்

கிட்டானிடம் சொன்னேன். பதினாறு வருடமாக என்னோடு இருக்கிறான். வயிறு குலுங்கச் சிரித்தான்.

"காட்டுங்ணா, காட்டுங்க. நாளைக்கு நம்ம சந்தைக்கே டிக்கெட் போட்டுருவாங்க. நானும் ஒரு கண்ணாடி போட்டுட்டு வாசல்ல நின்னுக்கறேன்."

பிறகு பக்கத்தில் வந்து குரலை இறக்கினான். "ஊருக்குத் தெரிஞ்ச விரலை மட்டும் காட்டுங்க. நம்ம விரலைக் காட்டிப்போடாதீங்க."

அது எனக்குத் தெரியாதா?

ஜூலை 20, சனி

ஊருக்குத் தெரிந்த விரல்களைக் காட்டினேன். பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு துண்டுக்குள் பென்சிலுக்கும் ரப்பருக்கும் விலை பேசின. ஒரே கூச்சல். காவலாளி வந்து இரண்டு தடவை அதட்டினான்.

அச்சில் இரண்டு கை வேண்டும். ஒன்று என் கை. இன்னொன்றுக்குக் கிட்டானைக் கூட்டிவரட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். நான் பிடிக்கறேன்" என்றாள் தாரணி.

ஜூலை 27, சனி

வண்டி மக்கர் செய்ததால் நான் போகவில்லை. தாரணி என்னிடம் ஒன்றும் கேட்காமல் நடந்தே போய் வந்திருக்கிறாள். மூன்று கிலோமீட்டர்.

ஆகஸ்ட் 3, சனி

பல் டாக்டர்கள் அச்செடுக்கிற ரோஸ் நிற மாவாம். பெரிய வாளியில் தண்ணீர் விட்டுக் கலக்கினார்கள். தோசைமாவுப் பதம். நானும் தாரணியும் வாளிக்கு இரண்டு பக்கமும் ஸ்டூலில் உட்கார்ந்து, கையைக் கோத்தபடி உள்ளே விட வேண்டும். நாலு நிமிடம் அசையக் கூடாது. அசைந்தால் மாவு வீண், முதலிலிருந்து செய்ய வேண்டும்.

"சிரிக்கவும் கூடாது கேட்டீங்களா" என்றார் மேடம். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தால் சிரிக்கிறவர்கள் மாதிரியா இருந்தது?

கையை விட்டோம். சில்லென்று இருந்தது. முழங்கைக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. முதலிலேயே பேசி வைத்தபடி தாரணி என் இரண்டு விரலைப் பிடித்தாள். சரியான பிடி. சந்தையில் நிற்கிற தரகன் பிடிப்பது போல மெத்தென்று பிடித்தாள்.

ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அவளுடைய கட்டைவிரல் நகர்ந்தது. மெதுவாக என் உள்ளங்கையைத் தாண்டி, மணிக்கட்டு எலும்புக்குப் பக்கத்தில் வந்து, அழுத்தியது.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை உதறியிருக்கலாம். சுற்றிலும் இருபது பேர் நிற்கிறார்கள், மேடம் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருக்கிறார். மாவு அதற்குள் இறுகிவிட்டது. அவள் விரலை எடுக்கவே இல்லை.

"அருமை. ரெண்டு பேரும் சிலை மாதிரி இருந்தீங்க" என்றார் மேடம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இந்தப் பக்கத்தை யாருக்கும் காட்டப் போவதில்லை. நோட்டை வாங்குகிற டீச்சர், பக்கம் நிறைந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். படிப்பதில்லை.

மணிக்கட்டில் கட்டைவிரல் வைப்பது சந்தை வழக்கத்தில் இல்லை. அது கிட்டானுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. விற்க வந்தவர் இன்றைக்கு மாட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போக முடியாதவர் என்று அர்த்தம். ஆஸ்பத்திரியோ, கல்யாணமோ, பேங்குக்காரனோ, ஏதோ ஒன்று அவருக்குப் பின்னால் நிற்கிறது. அப்படி ஒருவர் என்று தெரிந்தால் நான் விலையை ஏற்ற மாட்டேன். டீ குடிக்கப் போய்விடுவேன். சாயங்காலம் வரை காக்கவைத்தால் அவராகவே இறங்குவார். விற்கிறவர்களோ, தரகன் தங்கள் விலையை மட்டும்தான் கொண்டுபோகிறான் என்று நம்பி நிற்பார்கள்.

வியாபாரத்தில் இதெல்லாம் உண்டு. நான் யார் மாட்டையும் திருடவில்லை.

தாரணிக்கு எப்படித் தெரியும் என்றால், நான்தான் சொன்னேன். மே மாத லீவில் சந்தைக்கு வந்திருந்தாள். லாரிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தவளுக்குத் துண்டின் அடிப்பக்கம் தெரிந்திருக்கிறது. ராத்திரி சாப்பிடும்போது, "கிட்டான் மாமா கையில அழுத்துனாரே, அது எத்தனைப்பா?" என்று கேட்டாள். எல்லோரும் விரலைப் பார்ப்பார்கள், என் பிள்ளை கட்டைவிரலைப் பார்த்திருக்கிறாள் என்று எனக்கு ஒரே பெருமை. சிரித்துக்கொண்டே விளக்கினேன். அவள் சாப்பாட்டில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று பிடித்த மாடுகளில் ஒன்று பாப்பாத்தியுடையது. கட்டைவிரல் பட்ட மாடு.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கிட்டானிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு மாடுதான் அமைந்தது. அவன் கையைப் பிடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டையே கவனித்துக்கொண்டிருந்தேன். விரலைக் கோட்டைவிட்டேன்.

ஆகஸ்ட் 10, சனி

ரோஸ் மாவை உடைத்து, உள்ளே வார்த்திருந்ததை எடுத்தார்கள். வெள்ளை வெளேரென்று இரண்டு கை. என் சுண்டுவிரல் தழும்பு, தாரணியின் நகக் கடி, எல்லாம் அப்படியே வந்திருக்கிறது. கட்டைவிரல் என் மணிக்கட்டில் பதிந்து, சுற்றிலும் தோல் குழிந்திருப்பதுகூடத் தெரிகிறது.

ஆகஸ்ட் முப்பத்தொன்று கண்காட்சி. ஊரெல்லாம் நோட்டீஸ் போகிறது. ஒவ்வொன்றுக்கும் கீழே பிள்ளைகளே எழுதின அட்டை. அன்றைக்கு முழுக்க வீட்டு ஆள் பக்கத்திலேயே நின்று, வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். சந்தைக்கு மாடு கொண்டுவருகிற ஆட்கள் எல்லோருடைய பிள்ளையும் இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறது.

"என்ன எழுதப் போறே?" என்று தாரணியைக் கேட்டேன்.

"இன்னும் யோசிக்கல."

பொய். இவள் யோசிக்காமல் ஒன்றும் செய்கிறவள் இல்லை. என் மகள்தானே.

ஆகஸ்ட் 14, புதன்

தலைமையாசிரியையைப் போய்ப் பார்த்தேன். போன வருடம் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் டேங்க் வாங்கிக் கொடுத்தவன் நான். அந்த அச்சு சரியில்லை, வேறு எடுக்கச் சொல்லுங்கள் என்றேன்.

"அவங்க விஷயத்துல நாங்க தலையிட முடியாதுங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டுருக்கோம்" என்றார். தண்ணீர் டேங்குக்கும் ஒரு கையெழுத்து வாங்கி வைத்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

குளம்பு ராவுகிற அரத்தைப் பையில் போட்டுக்கொண்டு மியூசியத்துக்குப் போனேன். வாசலில் பையைச் சோதித்தார்கள்.

"என்னங்க இது?"

"அரம்."

"எதுக்குங்க?"

"மாட்டுக்கு."

"உள்ள மாடு இல்லீங்களே" என்று சொல்லிவிட்டு அரத்தை வாங்கிவைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தான். சாக்குக்குக் காவல் இருக்கிறவனுக்கு இருக்கிற நக்கல்.

இவாஞ்சலின் மேடத்திடம் நேராகவே சொன்னேன். அந்தக் கட்டைவிரல் தவறுதலாக நகர்ந்துவிட்டது, அதை மட்டும் ராவிவிட வேண்டும். இல்லை என்றால் எங்களுடையதைத் திருப்பிக் கொடுங்கள்.

"தர முடியாது சார். அது உங்க பொருள் இல்ல, உங்க மகளோடது. காட்சிக்குன்னு அவதான் எழுதிக் கொடுத்திருக்கா."

"அதுல இருக்கறது என் கை."

"பாதி" என்றார்.

ஹாலுக்குப் பத்து மின்விசிறி வாங்கித் தருகிறேன் என்றேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"அந்த விரல்ல என்ன சார் இருக்கு?"

"ஒண்ணும் இல்லீங்க."

"ஒண்ணும் இல்லாததுக்குப் பத்து ஃபேனா?"

வியாபாரத்தில் எவ்வளவு வேண்டும் என்று எதிராளிக்குக் காட்டிவிட்டால் அங்கேயே போயிற்று. இருபது வருடமாக நான் அடுத்தவரிடம் தேடிப் பார்த்ததை இந்த அம்மாள் ஒரு நொடியில் என்னிடம் பார்த்துவிட்டார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மத்தியானம் மரகதம் கோயிலுக்குப் போயிருந்தாள். தாரணி முன்னறையில் எழுதிக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்து, துண்டை எடுத்து உதறி, என் கையின் மேல் போட்டுக்கொண்டு நீட்டினேன்.

"கேளு" என்றேன். "அந்த விரலை எடுத்துப்போடறதுக்கு என்ன வேணும்னு கேளு. சைக்கிளா, போனா, எதுவா இருந்தாலும் சரி. வாயில சொல்ல வேண்டாம். இதுல சொல்லு."

அவள் துண்டைப் பார்த்தாள். ஒரு முனையைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டாள்.

"துண்டு வேண்டாம். வாயிலயே பேசுங்க."

"என்னை ஊர் முன்னாடி நிறுத்தி அசிங்கப்படுத்தப் பாக்கறே."

"உங்களையா?" என்றாள். "அது யார் கைன்னு நெனைச்சீங்க?"

"கிட்டான் கை மாதிரி நீ வெச்சே."

"கிட்டான் மாமா கை இல்லப்பா. என் கை."

பிறகு சொன்னாள். அன்றைக்குச் சந்தையில் நிவேதா மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாளாம். தாத்தாவைக் கோயமுத்தூரில் சேர்த்திருக்கிறது, நாளைக்கு ஆபரேஷன், மாடு இன்றைக்குப் போயே ஆக வேண்டும் என்று இவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் கிட்டான் சோடா வாங்கி வந்து கொடுத்து, "ஏங்கண்ணு, அந்தப் பாப்பா உன் கிளாசா? எதுக்கு அழுவுது, பாவம்?" என்று கேட்டிருக்கிறான். இவள் சொல்லிவிட்டாள். அப்பாவின் ஆள், உதவி செய்வார் என்று நினைத்திருக்கிறாள்.

"நான் சோடாவைக் குடிச்சுட்டே பாத்துட்டு இருந்தேன். அவரு வந்து உங்க கையில அழுத்துனாரு. நீங்க டீ குடிக்கப் போயிட்டீங்க."

அன்று சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் அந்த மாட்டின் விலை இறங்கியது. தாரணியும் நிவேதாவும் அதுவரை வெயிலில் உட்கார்ந்திருந்தது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது. நிழலில் உட்காரச் சொல்லி அதட்டினேன் என்று நினைக்கிறேன்.

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். ஏற்கெனவே காட்டியாயிற்று என்று ஆள் சொன்னான்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சந்தைக்குள் நுழைந்ததும் கிட்டானைத் தனியே கூப்பிட்டேன்.

"எம்புள்ளைக்குச் சோடா வாங்கிக் குடுத்தா விஷயத்தைப் புடுங்குனே?"

அவன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "எங்கிருந்து வருதுன்னு பதினாறு வருசமா ஒருக்காவாச்சும் கேட்டீங்களாண்ணா? இப்ப என்ன புதுசாக் கேள்வி?"

"எம்புள்ளைடா அது."

"அந்த அழுத புள்ளையும் யாரோ ஒருத்தர் புள்ளைதானுங்களே. அன்னிக்கு உங்களுக்கு அது தெரியல. லாபம் தெரிஞ்சுது."

அவன் சொன்னதில் தப்பு இல்லை என்பதுதான் ஆத்திரம். இனி என் கையைப் பிடிக்க வேண்டாம் என்று சொன்னேன். "பாப்போமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். பத்து நிமிடத்தில் திருப்பூர் வியாபாரி ஒருவரின் துண்டுக்குள் அவன் கை இருந்தது.

மாடு ஒன்றும் அமையவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

மியூசியத்தில் அட்டை எழுதினார்கள். தாரணி எழுதியதை மடித்து நேராக மேடத்திடம் கொடுத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

நாளைக்குச் சொல்ல வேண்டியதைத் தயார் செய்துவிட்டேன். கட்டைவிரல் வைத்தால் 'இந்த மாடு வேண்டாம், விட்டுவிடு' என்று அர்த்தம். எளிது. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தாரணியிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 31, சனி

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்கே கூட்டம். அந்த ஹாலில் அவ்வளவு பேரை மில் ஓடின காலத்துக்குப் பிறகு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் கை நடுவில், கண்ணாடிப் பெட்டி இல்லாமல், மர மேடை மேல் இருந்தது. அட்டையை அப்போதுதான் படித்தேன்.

'எங்கள் கைகள். கட்டைவிரல் என்னுடையது. அது என்ன சொல்கிறது என்று பக்கத்தில் நிற்கும் என் அப்பாவிடம் கேளுங்கள்.'

அவ்வளவுதான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பந்தை என் காலடியில் போட்டுவிட்டுத் தாரணி மேடைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள்.

பேங்க் மேனேஜர் கேட்டார். 'வேண்டாம், விட்டுவிடு' என்று அர்த்தம் என்றேன். "அடடே" என்றார். ஒரு டாக்டர் கேட்டார். இரண்டு டீச்சர்கள் கேட்டார்கள். ஏழு பேருக்குச் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் தாரணி தரையைப் பார்த்தாள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன்.

பதினொன்றரைக்குப் பாப்பாத்தி வந்தார். நிவேதா பின்னால். பாப்பாத்தி அட்டையை எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தார். கையைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு, மே மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லுங்க. என்ன சொல்லுது?"

பொய் நாக்கு நுனியில் இருந்தது. அந்தப் பக்கம் தாரணி மூச்சை இழுப்பது கேட்டது, தண்ணீரில் குதிக்கப் போகிறவர்கள் இழுப்பது போல. நான் பொய் சொன்னால் அவள் சொல்லிவிடுவாள் என்று புரிந்தது. சரக்கில் பழுது இருந்தால் அடுத்தவன் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவதுதான் வியாபாரம். அதற்காகத்தான் சொன்னேன். வேறு காரணம் இல்லை.

"இந்த ஆளு மாட்டைத் திருப்பி ஓட்டிட்டுப் போக முடியாதவருன்னு அர்த்தமுங்க. தரகன் எனக்குச் சொல்றது. அது தெரிஞ்சா நான் விலையை ஏத்த மாட்டேன். உங்க மாட்டுக்கும் அப்படித்தான் நடந்தது."

பாப்பாத்தி பார்வையை இறக்கினார். என் மணிக்கட்டையே பார்த்தார். மேடையில் இருந்ததை இல்லை, என் உடம்பில் இருந்ததை.

"எனக்குத் திரும்பிப் போறதுக்கு வழியில்லைன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"எப்படியோ தெரிஞ்சுக்கிட்டானுங்க."

"எப்படியோ இல்லீங்க அத்தை" என்றாள் தாரணி. "நான்தான் சொன்னேன். நிவேதா என்கிட்டச் சொன்னா. நான் அவருகிட்டச் சொல்லிட்டேன்."

பாப்பாத்தி திரும்பித் தன் மகளைப் பார்த்தார். நிவேதா அம்மாவின் சேலைக்குப் பின்னால் போகப் பார்த்தாள், போகவில்லை, அங்கேயே நின்றாள். நாலு மாதமாக அந்தப் பெண்ணும் வீட்டில் சொல்லாமல்தான் இருந்திருக்கிறாள் என்று அந்த முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

நான் குரலை இறக்கி, "கொட்டகையில ஒரு கெடாரிக் கன்னு நிக்குதுங்க. நல்ல சுழி. அனுப்பிவெக்கறேன்" என்றேன்.

"நான் மாடு கேட்டனா?"

"இல்லீங்க..."

"புள்ளைக ரெண்டையும் பேச விட்டுப்போட்டு நீங்க கிசுகிசுன்னு பேசறீங்க. எதுக்கு? இங்க துண்டு எதும் கெடக்குதா? இன்னொருக்கா சொல்லுங்க. சத்தமா."

சொன்னேன்.

"அந்த வாசல்ல நிக்கறவங்களுக்குக் கேக்கல."

சொன்னேன். அந்த ஹாலில் ஒரு விசிறிச் சத்தம்கூட இல்லை. இவாஞ்சலின் மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உதவிக்கு வரவில்லை.

அதோடு விடவில்லை. பாப்பாத்தி வெளியே போய் மில் லைன் வீட்டுக்காரர்களைக் கூட்டிவந்தார். அவர்களுக்குச் சொன்னேன். அவர்கள் போய்த் தோட்டத்துக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். போன தை மாதம் எனக்கு இரண்டு மாடு விற்றவர். அவருக்குச் சொன்னேன். "அப்ப என் மாட்டுக்கும் வெச்சானா?" என்று கேட்டார். வைத்தான் என்றேன். காறித் துப்பப் போனவர், தரை வெள்ளையாக இருந்ததால் விழுங்கிக்கொண்டு போனார்.

மூன்று மணிக்குள் பதினான்கு தடவை சொன்னேன். நடுவில் ஒரு தடவை போய்விடலாம் என்று காலை எடுத்தேன். தாரணி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அவளை அங்கே தனியாக விட்டுவிட்டுப் போனால் மீதியை அவள்தான் சொல்ல வேண்டும். நின்றேன்.

நிவேதாவும் தாரணியும் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் அந்தப் பெண் இவளைப் பார்த்து, "நீதான் சொல்லியிருப்பேன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

இந்தக் கை மியூசியத்தில் நிரந்தரமாக இருக்கலாமா என்று கேட்டு ஒரு தாள் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். அதற்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். போடாவிட்டால் வீட்டுக்கே எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்துவந்தால் சுத்தியலால் ஒரே போடு, வேலை முடிந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சந்தைக்கே தெரிந்துபோன விரல். அதை உடைத்தால், இவன் வேறு புது விரல் வைத்திருக்கிறான் என்றுதான் பேசுவார்கள். அங்கேயே இருந்தால் அது பழைய கதை ஆகிவிடும். ஆக, இருப்பதுதான் எனக்கு லாபம். கையெழுத்துப் போட்டேன்.

மரகதத்திடம் அதைச் சொன்னேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "லாபமா?" என்று கேட்டாள். இவளுக்கு எல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

செப்டம்பர் 3, செவ்வாய்

சந்தை. கிட்டான் தென்னை மரத்தடியில் திருப்பூர்க்காரரோடு நின்றான். என்னைக் காட்டி ஏதோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

பத்து மணி வரை யாரும் என்னிடம் மாட்டைக் கொண்டுவரவில்லை. பிறகு ஒரு பெரியவர் செவலை மாடு ஒன்றை ஓட்டிவந்தார். துண்டை எடுத்தேன். "அதைத் தோள்லயே போடுங்க தம்பி. வாயில பேசுங்க" என்றார். அவருக்குக் காதும் கொஞ்சம் மந்தம். சந்தைக்கு நடுவில் நின்று, எல்லோரும் கேட்க, என் விலையைக் கத்தினேன். அவர் தன் விலையைக் கத்தினார். கோவணமில்லாமல் நிற்பது போல இருந்தது. சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்துக்கு முன்னால் குறைத்துக் கேட்க வாய் வருகிறதா, வரவில்லை. ஏற்றித்தான் பிடித்தேன்.

அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மூன்று மாடும் துண்டில்லாமல்தான். மூன்றிலும் எனக்கு ஒன்றும் மிஞ்சாது.

தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து படுத்தேன். தாரணி வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து பாடம் எழுத ஆரம்பித்தாள். ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்குக் குரல் வரவில்லை.